நிதி அமைச்சகத்திடம் ஒரு கேள்வி: எந்த வழியில் கேட்டால் பதில் கைக்கு வரும்?

ஒரு தொழில் சங்கமோ விவசாய சங்கமோ மனுவோடு எம்.பி.யைப் பார்க்கப் போகிறது. வங்கிக் கடன், ஜிஎஸ்டி, ஏற்றுமதி வரி என்று ஏதோ ஒரு குறை. "இதை நாடாளுமன்றத்தில் எழுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். எப்படி எழுப்புவது என்பதை அங்கே யாரும் பேசுவதில்லை. அவரும் அவசர விஷயங்களை எழுப்ப ஒதுக்கும் நேரமில்லா நேரத்தில் (ஜீரோ அவர்) இரண்டு நிமிடம் பேசுகிறார், அந்தக் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. நேரமில்லா நேரத்தில் எழுப்பியதற்கு அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குரல் எழுந்தது, பதில் வரவில்லை.

நிதி அமைச்சகத்தைக் கேள்வி கேட்க ஓர் உறுப்பினருக்கு இதைவிட வலுவான வழிகள் நான்கைந்து இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு வகையான பதில்தான் கிடைக்கும். எண் வேண்டுமா, வாக்குறுதி வேண்டுமா, ஒரு முடிவை ஏன் எடுத்தார்கள் என்ற காரணம் வேண்டுமா, செலவான பணத்துக்குக் கணக்கு வேண்டுமா? இதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் வழி தானாகத் தெரியும். பலரும் வழியை முதலில் பிடித்துக்கொண்டு, கடைசியில் கையை விரிக்கிறார்கள்.

எல்லோர் கண்ணிலும் படுவது நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர் துணைக் கேள்விகள் கேட்கலாம், அவைத் தலைவர் அனுமதித்தால் மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் முறை. அந்த நாளில் நிதி அமைச்சகத்தோடு வேறு அமைச்சகங்களும் அதே 20 இடங்களைப் பங்கு போட்டுக்கொள்ளும். குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வரும் அறிவிப்புகளில் எது உள்ளே போகும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. குலுக்கலில் வந்தாலும், பட்டியலில் முதல் நான்கைந்து இடங்களுக்குள் வராவிட்டால் கேள்வி நேரமான அந்த ஒரு மணிக்குள் அது அவையில் எழுவது அரிது. அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் அந்த மணி நேரமும் போயிற்று. அப்படிப் போனால் நட்சத்திரக் கேள்விக்கும் எழுத்தில்தான் பதில் வைக்கப்படும்.

இவ்வளவு தடை தாண்டி ஏன் இதைக் கேட்க வேண்டும்? துணைக் கேள்விக்காகத்தான். முதன்மைக் கேள்விக்கான பதிலை அதிகாரிகள் எழுதித் தந்துவிடுவார்கள். துணைக் கேள்வி என்ன வரும் என்பதை அவர்கள் ஊகிக்க மட்டுமே முடியும். அந்த இடத்தில் அமைச்சர் சொந்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு திட்டம் அடுத்த ஆண்டும் தொடருமா, ஒரு வரியைக் குறைக்க அரசு யோசிக்கிறதா என்பது போல அரசியல் நிலைப்பாடு தேவைப்படும் விஷயங்களுக்கு இதுவே சரியான இடம். ஆனால் துணைக் கேள்வியையும் பேச்சாக நீட்டிவிடும் உறுப்பினர்கள் நிறைய. மூன்று நிமிடம் பேசி நான்கு கேள்விகளை ஒன்றாகக் கேட்டால், அமைச்சர் தமக்கு வசதியான ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரே வரியில் முடியும் துணைக் கேள்விதான் கடிக்கும்.

இன்னொரு தடை விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. மக்களவை விதி 41 எந்தக் கேள்வியை ஏற்கலாம் என்று வகுக்கிறது. 150 சொற்களுக்கு மேல் போகக்கூடாது, வாதம், ஊகம், குற்றச்சாட்டு இருக்கக்கூடாது, கருத்து கேட்கக்கூடாது. அதோடு, ஒரு பதிலின் எல்லைக்குள் அடங்காத அளவு பெரிய கொள்கைக் கேள்வியும் கூடாது. பொருளாதாரக் கொள்கையைக் கேட்க நினைப்பவர்கள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். "வேலையின்மை ஏன் கூடுகிறது, அரசின் கொள்கை தோற்றுவிட்டதா?" என்பது இந்த வாசலைத் தாண்டாது. அதே கவலையை அளவிடக்கூடிய சிறு துண்டுகளாக உடைத்தால் தாண்டும்.

அந்த உடைக்கும் வேலைக்கு ஏற்றது நட்சத்திரக் குறியிடாத கேள்வி. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுவது. மக்களவையில் ஒரு நாளைக்கு 230 வரை பட்டியலில் வரும், மாநிலங்களவையில் 160. தொலைக்காட்சியில் வராது, கைத்தட்டல் கிடையாது. 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே விட்டுவிட்டபோதும், எழுத்துக் கேள்விகளும் பதில்களும் தொடர்ந்தன. என் கணக்கில், ஒரே ஒரு வழிதான் கிடைக்கும் என்றால் தேர்ந்தெடுக்க வேண்டியது இதைத்தான். நம் பொருளாதாரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த எத்தனையோ எண்கள் இந்தச் சத்தமில்லாத பதில்களிலிருந்து வந்தவை.

ஆனால் கேள்வியை எழுதத் தெரிய வேண்டும். சிறுதொழில் கடனை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: "(அ) சிறு தொழில்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பதில் சிரமம் இருப்பதை அரசு அறியுமா? (ஆ) ஆமெனில், விவரங்கள் என்ன? (இ) அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன?" இதற்கு வரும் பதிலைக் கேள்வி எழுதும்போதே எழுதிவிடலாம். முத்ரா, கடன் உத்தரவாதத் திட்டம் என்று அரசுத் திட்டங்களின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு வரும். இல்லையென்றால் (அ)வுக்கு "இல்லை" என்று ஒரு சொல். (ஆ), (இ) இரண்டுக்கும் "கேள்வி எழவில்லை" என்று ஒரே வரி. மூன்று கேள்வியும் ஒரே அடியில் விழுந்துவிடும். 'ஆம்', 'இல்லை' என்று முடியும் கேள்வியை முதலில் வைத்து மற்றதையெல்லாம் அதன்மேல் சாய்த்து வைப்பதன் விளைவு இது.

அதையே இப்படி எழுதலாம்: "(அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகளுக்கு வந்த, 10 லட்சம் ரூபாய்க்குட்பட்ட சிறுதொழில் கடன் விண்ணப்பங்கள் எத்தனை, ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக, (ஆ) மறுக்கப்பட்டவை எத்தனை, (இ) மறுப்புக்கு வங்கிகள் பதிவு செய்த காரணங்கள், வகைவாரியாக, (ஈ) இத்தகவல் ஒரே இடத்தில் திரட்டப்படுவதில்லை எனில், அதற்கான காரணம்?" ஒவ்வொரு பகுதியும் தன் காலிலேயே நிற்கிறது. (ஈ) இருப்பதால் "தகவல் பராமரிக்கப்படுவதில்லை" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அப்படிச் சொன்னால் அதுவே பதிவாகிவிடும்: ஒரு பெரிய நாட்டின் நிதி அமைச்சகத்திடம் கடன் மறுப்பு பற்றிய கணக்கு இல்லை என்ற ஒப்புதல்.

வாராக்கடன் விஷயத்தில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 2022 டிசம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மாநிலங்களவையில் தந்த பதிலின்படி, முந்தைய ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன் 10,09,511 கோடி ரூபாய். கடன் வாங்கியவரின் பொறுப்பு அப்படியே தொடர்கிறது, வசூல் நடவடிக்கையும் தொடர்கிறது என்றும் பதிலில் விளக்கம் உண்டு. சரி, தொடர்ந்து எவ்வளவு வசூலானது? அதுவும் அதே பதிலில் இருக்கிறது: அந்த ஐந்தாண்டுகளில் நீக்கப்பட்ட கணக்குகளிலிருந்து திரும்பி வந்தது 1,32,036 கோடி. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நூற்றுக்குப் பதின்மூன்று. மேடையில் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு உறைக்காது. அதே சமயம், யார் யாருடைய கடன் என்று பெயர் கேட்டால் கதவு சாத்தப்படும். வாடிக்கையாளரின் கடன் விவரத்தை வெளியிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-இ பிரிவு சொல்வதைப் பதிலில் காட்டுவார்கள். மொத்தத் தொகை எழுத்துக் கேள்வியில் கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டார்.

எழுத்துப் பதிலுக்கு இன்னொரு வலிமை உண்டு, அது அன்றைக்குத் தெரியாது. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழி செய்த தேர்தல் பத்திரங்கள் குறித்துத் தேர்தல் ஆணையம் ஏதாவது கவலை தெரிவித்ததா என்று 2018 குளிர்காலக் கூட்டத்தொடரில் மாநிலங்களவை உறுப்பினர் நதிமுல் ஹக் எழுத்தில் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்று நிதித்துறை இணை அமைச்சரிடமிருந்து பதில் வந்தது. ஆனால் 2017 மே மாதமே ஆணையம் தன் ஆட்சேபனைகளைச் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியிருந்தது. அவைக்குத் தவறான தகவல் தந்ததாக அமைச்சர்மீது உரிமை மீறல் நோட்டீஸ் போனது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த கோப்புகள் மேலும் வெளிச்சம் காட்டின. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புக்கு இந்தக் கேள்வி காரணமில்லை. ஆனால் அரசு என்ன சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பது அச்சில் நின்றுவிட்டது, மாற்றிப் பேச வழியில்லை. அவையில் வாய்ச்சொல்லாகக் கேட்டிருந்தால் "பொதுவாகச் சொன்னேன்" என்று நழுவியிருக்க முடியும்.

எழுத்துக் கேள்வி எங்கே தோற்கும்? ஏன் என்று கேட்கும்போது. ஒரு கொள்கை முடிவின் பின்னால் என்ன ஆலோசனை நடந்தது, யார் எச்சரித்தார்கள், எந்த மாற்று வழியைக் கைவிட்டார்கள் என்பதையெல்லாம் 150 சொற்களில் பிழிந்தெடுக்க முடியாது. 2022இல் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீத உச்சவரம்பைத் தாண்டியது. அதனால், தவறியதற்கான காரணத்தை விளக்கி ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு அறிக்கை தர வேண்டியதாயிற்று. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-இசட்என் பிரிவின்படி அது கட்டாயம். அந்த அறிக்கையை மக்கள் பார்க்கலாமா என்று மக்களவையில் கேட்டபோது, அதைப் பொதுவில் வெளியிடச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. விலைவாசியைத் தினமும் சுமப்பவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்லும் ஆவணத்தைப் பார்க்க வழியில்லை. நியாயமில்லாத நிலை இது, ஆனால் எழுத்துக் கேள்வியின் சக்தி அங்கே முடிந்துவிடுகிறது.

அடுத்த வழி குழுக்கள். துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் தொடங்கின. இப்போது 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 பேர், 21 பேர் மக்களவையிலிருந்தும் 10 பேர் மாநிலங்களவையிலிருந்தும். நிதிக்கான நிலைக்குழுவின் முன்னால் நிதிச் செயலர்களும் ரிசர்வ் வங்கி ஆளுநரும் வந்து உட்கார்ந்தாக வேண்டும். மணிக்கணக்கில் கேட்கலாம், ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று போகலாம். எழுத்தில் விளக்கம் கேட்டு வாங்கலாம், வெளியிலிருந்து நிபுணர்களை அழைக்கலாம். கேமரா இல்லாததால் உறுப்பினர்களும் கட்சிக் கோஷத்தை ஓரம் வைத்துவிட்டுப் படித்துவிட்டு வருகிறார்கள்.

2018இல் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான, அரசின் செலவு மதிப்பீடுகளை ஆராயும் இன்னொரு நாடாளுமன்றக் குழுவான மதிப்பீட்டுக் குழு வாராக்கடன் பற்றி ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜனிடம் விளக்கம் கேட்டது. அவர் அனுப்பிய குறிப்பில், மோசமான கடன்களில் பெரும்பகுதி 2006 முதல் 2008 வரையான காலத்தில் கொடுக்கப்பட்டது என்றிருந்தது. பெரிய மோசடி வழக்குகளின் பட்டியல் ஒன்றைப் பிரதமர் அலுவலகத்துக்கு அனுப்பியதும் இருந்தது. முந்தைய ஆட்சிக்கும் அன்றைய ஆட்சிக்கும் ஒருசேர வலித்த ஆவணம் அது. குழுவின் தலைவர் ஆளுங்கட்சியின் மூத்த தலைவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எத்தனை எழுத்துக் கேள்வி கேட்டிருந்தாலும் இப்படி ஒரு விளக்கம் வந்திருக்காது.

குறையும் அதே அளவு பெரியது. கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கிறது. அமைச்சர் வருவதில்லை, அதிகாரிகள்தான் வருகிறார்கள். அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது. பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு 2017 ஜனவரி 18 அன்று ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் நிதி நிலைக்குழுவின் முன் வந்தார். 9.2 லட்சம் கோடி ரூபாய் புது நோட்டுகள் புழக்கத்துக்கு விடப்பட்டன என்று அவர் சொன்னது, கூட்டம் முடிந்து வெளியே வந்த உறுப்பினர்கள் செய்தியாளர்களிடம் பேசியதால்தான் நமக்குத் தெரிந்தது. பழைய நோட்டுகள் எவ்வளவு திரும்பின என்பது அன்று தெளிவாகவில்லை, 15.44 லட்சம் கோடியில் 15.28 லட்சம் கோடி, ஏறக்குறைய 99 சதவீதம், வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது என்று ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை ஆகஸ்ட் இறுதியில்தான் சொன்னது. பணமதிப்பு நீக்கம் பற்றிய குழுவின் வரைவறிக்கைக்கு 2018இல் பாஜக உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால், அதை ஏற்க முடியாமல் போனது. நாட்டில் ஒவ்வொருவரும் வரிசையில் நின்ற ஒரு முடிவைப் பற்றிய விசாரணை அப்படி நின்றது.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கருவூலக் குழு இதே வேலையைத் திறந்த அறையில் செய்கிறது. பட்ஜெட் முடிந்ததும் நிதியமைச்சரே வந்து உட்கார்ந்து கேள்விகளை எதிர்கொள்கிறார், அது ஒளிபரப்பாகிறது. 2022 செப்டம்பர் 23 அன்று அங்கே சுயேச்சையான மதிப்பீடு எதுவும் இல்லாமல் பெரிய வரிக்குறைப்பு அறிவிக்கப்பட்டபோது, குழுத் தலைவர் மெல் ஸ்ட்ரைட் அந்த மதிப்பீட்டை உடனே வெளியிட வேண்டும் என்று பகிரங்கமாக நெருக்கினார். சந்தையும் சேர்ந்து நெருக்க, நவம்பர் 23க்குக் குறித்த தேதி முன்னால் நகர்ந்தது. நம் குழுக்களிலும் சாட்சியம் கேட்கும் அமர்வுகளையாவது திறந்து வைக்கலாம். ஆலோசனை அமர்வுகளை மூடியே வைத்துக்கொள்ளட்டும். இதை எதிர்ப்பவர்கள், கேமரா வந்தால் குழுவும் அவையைப் போலக் கூச்சலாகிவிடும் என்கிறார்கள். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ரிசர்வ் வங்கி ஆளுநர் சொன்னதை வாசலில் நிற்கும் செய்தியாளர் வழியாகக் கேட்கும் நிலைக்கு அது சமாதானம் ஆகாது.

பட்ஜெட்டோடு வரும் மானியக் கோரிக்கை (ஒவ்வொரு அமைச்சகமும் செலவுக்கு அவையிடம் கேட்கும் தொகை) விவாதத்தையும், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானத்தையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று கொடுப்பது கொள்கையையே மறுக்கும் தீர்மானம்; 100 ரூபாய் குறைக்கச் சொல்வது குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டுவது. ஏட்டில் வலிமையான ஆயுதம்தான். நடைமுறையில் கடைசி நாளில் மீதமுள்ள கோரிக்கைகள் எல்லாம் கில்லட்டின் முறையில், அதாவது விவாதமில்லாமல், மொத்தமாக நிறைவேறிவிடுகின்றன. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. இந்த வழியை நம்பி ஒரு கேள்வியை ஒரு வருடம் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள்.

செலவாகிவிட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்க பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. 22 பேர், 1967 முதல் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையை வைத்துக்கொண்டு கேட்பதால் அதிகாரிகள் எண்ணை மறுக்க முடியாது. ஜிஎஸ்டி வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் மாநிலங்களுக்கு இழப்பீடு தரவென்றே வசூலித்த வரியில் 47,272 கோடி ரூபாய், அதற்கான நிதியத்துக்குப் போகாமல் மத்திய அரசின் தொகுப்பு நிதியிலேயே தங்கியது என்று 2020இல் சிஏஜி எழுதியது. மாநில நிதியைப் பற்றிக் கவலைப்படும் யாரும் இந்த வழியைத் தவறவிடக்கூடாது. ஆனால் எல்லாம் நடந்து முடிந்து ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத்தான் இங்கே வரும்.

இந்த வழிகள் ஒன்றையொன்று வெட்டும் இடமும் உண்டு, தொடும் இடமும் உண்டு. ஒரு நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனையில் இருக்கும் விஷயத்தைப் பற்றிப் பொதுவாக அவையில் கேள்வி கேட்க முடியாது. அதுவும் விதி 41இல் உள்ளதுதான். அவசரப்பட்டு முதலிலேயே குழுவுக்குக் கொண்டுபோனால், எண்ணை எழுத்தில் வாங்கும் கதவை நாமே சாத்திவிடக்கூடும். ஆகவே முதலில் எழுத்துக் கேள்வி. எண் கைக்கு வந்த பிறகு, அதில் எது உறுத்துகிறதோ அதற்கு நட்சத்திரக் கேள்வி. பதில் போதவில்லை என்றால் விதி 55இன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம், மூன்று நாள் முன்னறிவிப்பு போதும். குழு அதற்குப் பிறகு.

முந்த்ரா விவகாரம் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் வளர்ந்தது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவையில் முதலில் சாதாரணக் கேள்விகள்தான் வந்தன, பதில்கள் மழுப்பலாக இருந்தன. அந்தப் பதில்களின் ஓட்டைகளைப் பிடித்துக்கொண்டு டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி பேசினார், அவரும் ஆளுங்கட்சிதான். நீதிபதி சாக்ளா ஆணையம் மக்கள் முன்னிலையில் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இப்போது மனுவோடு போகும் சங்கத்துக்கு வருவோம். உங்கள் குறை எண்ணில் நிரூபிக்கக்கூடியது என்றால், எம்.பி.யிடம் மனுவோடு சேர்த்து, (அ), (ஆ), (இ) பிரித்த எழுத்துக் கேள்வியையே தயாராகக் கொடுங்கள். கூட்டத்தொடர் தொடங்கும் தேதி அறிவித்தவுடன் கொடுங்கள், 15 நாள் கணக்கு ஓடிவிடும். மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து அறிவிப்புகள்தான் தரலாம் என்பதால், அதே கேள்வியை வேறு தொகுதி உறுப்பினரிடமும் மாநிலங்களவை உறுப்பினரிடமும் கொடுத்து வையுங்கள். ஏன் இந்தக் கொள்கை என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், நிதி நிலைக்குழுவில் யார் உறுப்பினர் என்று பார்த்து அவரிடம் போங்கள். உங்கள் தொகுதி எம்.பி. அந்தக் குழுவில் இல்லாவிட்டால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்சி பார்க்க வேண்டியதில்லை.

பதில் வந்த பிறகும் வேலை இருக்கிறது. "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்றோ "பரிசீலனையில் உள்ளது" என்றோ வந்தால் பலர் ஏமாற்றத்தில் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த வாசகங்கள் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படுபவை. மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். தவறினால் கேட்க அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒன்று இரண்டு அவைகளிலும் இருக்கிறது. பதில் வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்றாவது மாதம் முடியும் வாரத்தில் அதே எம்.பி.யிடம் போய், அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.